உளுந்தஞ்சோறு எந்தக் கட்டத்தில்?

“கீரை மாசத்துக்கு எத்தனை தடவைன்னு நான் எப்படிச் சொல்லுவேன், ஏட்டி? கீரைக்காரி வந்தா கீரை. வரலைன்னா இல்ல.”

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், திண்ணையில் உட்கார்ந்து ஓர் ஆச்சி என்னிடம் இப்படிச் சொல்லி 12 வருடம் ஆகிறது. என் மடியில் 14 பக்க வினாத்தாள். ஊட்டச்சத்துப் படிப்பை முடித்த கையோடு, 60 வயதைத் தாண்டியவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், அதில் எந்தச் சத்து எவ்வளவு கிடைக்கிறது என்று கணக்கெடுக்கும் ஓர் ஆய்வில் களப்பணிக்குச் சேர்ந்திருந்தேன். வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். ஒரு வீட்டுக்கு முக்கால் மணி நேரம் என்று கணக்கு.

வினாத்தாளின் அமைப்பு எளிமையானது. ஓர் உணவுக்கு ஒரு வரி. அதை தினமும் சாப்பிடுகிறீர்களா, வாரத்தில் எத்தனை நாள், மாதத்தில் எத்தனை தடவை, எப்போதாவதுதானா என்று எதிரே கட்டங்கள். அப்புறம் ஒரு தடவைக்கு எவ்வளவு, சின்னக் கிண்ணமா பெரிய கிண்ணமா என்று ஒரு கேள்வி. கடந்த ஒரு வருடத்தை மனதில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். பதில்களை ஒரு நாளைக்கு இத்தனை கிராம் என்று மாற்றி, உணவுச் சத்து அட்டவணையோடு பெருக்கினால் கலோரி, புரதம், இரும்புச்சத்து, கால்சியம் எல்லாம் வரிசையாக வந்துவிடும். தசமப் புள்ளியோடு வரும். அதனாலேயே நம்பத் தோன்றும்.

ஆச்சிக்கு வந்தது 940 கிலோகலோரி (பேச்சுவழக்கில் கலோரி), 26 கிராம் புரதம். வயது 72, எடை 46 கிலோ.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பதறிவிட்டது. கிலோவுக்கு 0.83 கிராம் என்ற இன்றைய இந்தியப் பரிந்துரைப்படி அவருக்கு நாளொன்றுக்கு 38 கிராம் புரதம் வேண்டும். வயதானவர்களுக்குத் தசை கரையாமல் இருக்கக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று 2013இல் ஒரு சர்வதேச நிபுணர் குழு சொன்னது. அப்படிப் பார்த்தால் பள்ளம் இன்னும் பெரிது. இந்த அம்மா பட்டினி கிடக்கிறார், மருமகள் சரியாகக் கவனிப்பதில்லை என்றே முடிவு கட்டிவிட்டேன். அந்த முடிவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தாளைத் திருப்பி அனுப்பியவர் எங்கள் மேற்பார்வையாளர். “இந்த ஆச்சி நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் இதயம் துடிக்க, மூச்சு விட, உடம்புச் சூடு காக்க 1,000 கலோரி கிட்டத்தட்டச் செலவாகும். நீ போனப்போ என்ன செய்துகொண்டிருந்தார்?” என்று கேட்டார். நான் போனபோது ஆச்சி அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். ஆறு மாதத்துக்கு முன் சுகாதார நிலையத்தில் எடுத்த எடையும் அதே 46 கிலோ. 940 கலோரியில் ஒருவர் தண்ணீர் குடம் சுமந்துகொண்டு எடையும் குறையாமல் இருக்க முடியாது. தப்பு ஆச்சியின் உடம்பில் இல்லை, தாளில்தான். சொல்லப்பட்ட கலோரியை உடலின் அடிப்படைத் தேவையோடு ஒப்பிட்டு, நம்ப முடியாத பதில்களைப் பிரித்தெடுக்கும் இந்த முறையை 1991இல் கோல்ட்பர்க் குழுவினர் வெளியிட்டார்கள். நான் அதைப் பரீட்சைக்குப் படித்திருந்தேன். ஆனாலும் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அது நினைவுக்கு வரவில்லை.

சரி, காணாமல் போன கலோரி எங்கே? தெரிந்துகொள்ள, தராசோடு மூன்று நாள் அந்த வீட்டில் உட்கார அனுமதி வாங்கினேன்.

முதல் நாள் வீணாகப் போனது. விருந்தாளி வந்திருக்கிறாள் என்று சாளை மீன் வாங்கிக் குழம்பு வைத்துவிட்டார்கள். என்னோடு உட்கார்ந்து ஆச்சியும் ஒரு பிடி கூடுதலாகவே சாப்பிட்டார். எடை போட ஆள் வந்தால் அந்த வீட்டின் சாப்பாடே மாறிவிடும் என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். நேரில் அளப்பதுதான் சுத்தமான முறை என்று பாடத்தில் இருக்கும். அளக்கிற கையே இலையில் விழுவதை மாற்றிவிடுகிறது என்பதும் உண்மை. இரண்டாம் நாள் கொஞ்சம் பழகினார்கள். மூன்றாம் நாள் என்னை மறந்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மதியம் உளுந்தஞ்சோறு. திருநெல்வேலிக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தோல் உளுந்தை வாசம் வர வறுத்து, அரிசியோடு சேர்த்து, பூண்டு, வெந்தயம், தேங்காய் போட்டு ஒன்றாக வேகவைப்பது. தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். “இது வாரத்துக்கு எத்தனை நாள் ஆச்சி?” என்றேன். “ரெண்டு நாளு உண்டும். இடுப்புக்குப் பலம்லா?” அப்படியானால் போன வாரம் தாளில் ஏன் வரவில்லை? புரட்டிப் பார்த்தேன். வெள்ளைச் சோறு என்று ஒரு வரி இருந்தது. சாம்பார், பருப்புக் குழம்பு என்று ஒரு வரி. இட்லி, தோசை ஒரு வரி. உளுந்தஞ்சோற்றுக்கு வரி இல்லை. நான் “சோறு?” என்று கேட்டிருக்கிறேன், ஆச்சி “தினமும்” என்றிருக்கிறார், நான் வெள்ளைச் சோற்றுக் கட்டத்தில் குறித்திருக்கிறேன். இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்லியிருக்கிறோம்.

அன்று அவர் தட்டில் விழுந்ததைப் பச்சை எடைக்கு மாற்றினால் அரிசி 60 கிராம், உளுந்து 30 கிராம். அரிசியில் நூற்றுக்கு 8 கிராம் அளவுக்குப் புரதம், உளுந்தில் 22. கூட்டினால் 11 கிராமுக்கு மேல் வருகிறது. அதே 90 கிராமையும் வெள்ளை அரிசி என்று எழுதினால் 7 கிராம். அரிசிப் புரதத்தில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் உளுந்தில் தாராளமாக உண்டு என்பதும் சேர்ந்து காணாமல் போகும். துவையலில் இருந்த எள்ளுக்கும் வரி இல்லை.

இன்னும் இருந்தது. காப்பி இரண்டு வேளை என்று சொன்னவர், விடியற்காலை ஒன்று, பத்து மணிக்கு மருமகளோடு ஒன்று, சாயங்காலம் ஒன்று, பக்கத்து வீட்டில் பேசப் போனால் ஒன்று என்று குடித்தார். அவர் கணக்கில், தானே போட்டுக் குடித்தால்தான் காப்பி. மற்றவர்கள் கொடுப்பது கணக்கில் வராது. இரவு கருப்பட்டி போட்ட சுக்குக்காப்பி. அது அவருக்கு மருந்து, சாப்பாடு இல்லை. இடையிடையே முந்தானையில் முடிந்து வைத்திருந்த பொரிகடலை. பேரன் மிச்சம் வைத்த ரஸ்க். வெற்றிலையோடு உள்ளே போகும் சுண்ணாம்பும் கால்சியம்தான், அதைக் கேட்கும் வினாத்தாளை நான் இதுவரை பார்த்ததில்லை. மீன் குழம்பு நாளை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டு நாளையும் கணக்குப் போட்டால் சராசரி 1,300 கலோரியை ஒட்டி வந்தது, புரதம் 37 கிராம். பட்டினி கிடக்கிறார் என்று நான் முடிவு கட்டிய ஆச்சி, பரிந்துரையைத் தொடும் தூரத்தில் இருந்தார்.

ஒரு பொருளில் மட்டும் தாள் கூட்டிக் காட்டியிருந்தது. பழம். “தினமும் உண்டு” என்றிருந்தார். மூன்று நாளில் ஒரு பழம்கூடக் கண்ணில் படவில்லை. பொய் சொன்னார் என்று நான் நினைக்கவில்லை. மகன் வெளிநாட்டில் சம்பாதிக்கிறான். அம்மாவுக்கு ஒரு வாழைப்பழம் வாங்க வழியில்லை என்று, வீட்டுக்கு வந்த அந்நியப் பெண்ணிடம் எந்தத் தாய் சொல்வாள்? நான் கேட்டது பழத்தைப் பற்றி. அவர் பதில் சொன்னது மகனைப் பற்றி. மருமகள் கதவோரம் நின்று “அத்தை நல்லாத்தான் சாப்பிடுதாவ” என்று எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்ததும் அன்றைய பதில்களில் கலந்திருக்கிறது.

அளவு விஷயம் தனிக் கதை. நாங்கள் கொண்டு போனவை வரிசையாக அளவு குறித்த கிண்ணங்கள். ஆச்சிக்குக் கிண்ணத்தில் சோறு அளந்து பழக்கமே கிடையாது. அவருக்குத் தெரிந்தது ஆழாக்கு, உழக்கு, படி. “வீட்டுக்கு ஒரு வேளைக்கு மூணு ஆழாக்கு போடுவோம்” என்று சட்டென்று சொன்னார். அது வேகாத அரிசியின் அளவு, குடும்பம் முழுமைக்கும். நான் கேட்டதோ வெந்த சோறு, அவர் ஒருவருக்கு. 50 வருடம் உலை வைத்த கைக்குத் துல்லியமாகத் தெரிந்த அளவை விட்டுவிட்டு, தெரியாத அளவைச் சொல்லும்படி அவரைத் திணற வைத்திருக்கிறேன். கிழக்கே பார்த்த வீட்டில் மேற்கே வாசலைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

இதெல்லாம் ஒரு கிராமத்து ஆச்சிக்கு மட்டும் நேர்வது என்று நினைத்துவிடக் கூடாது. உலகமெங்கும் பயன்படும் இந்த வகை வினாத்தாளுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் ஹார்வர்டின் வால்டர் வில்லட். அமெரிக்கச் செவிலியர்களிடம் நடந்த நெடுங்கால ஆய்வுக்காக 61 உணவுகள் கொண்ட ஒரு பட்டியலைத் தயாரித்து, 173 பேரிடம் ஒரு வாரம் ஒரு வாரமாக நான்கு முறை எடைபோட்டு எழுதிய உணவுக் குறிப்போடு ஒப்பிட்டு, 1985இல் வெளியிட்டார். படித்தவர்கள், மருத்துவத் துறையில் இருப்பவர்கள், தானாகவே தாளை நிரப்பத் தெரிந்தவர்கள், 60 வயதை எட்டாதவர்கள். அங்கே ஓரளவு நன்றாக வேலை செய்தது. ஆனால் அந்த ஒப்பீட்டில் ஓர் இடைவெளி உண்டு. உணவுக் குறிப்பையும் அதே மனிதர்தான் எழுதுகிறார். சொல்ல விரும்பாததை இரண்டு இடத்திலும் விட்டுவிடலாம் அல்லவா?

அதனால்தான் உடம்பையே சாட்சிக்கு அழைத்தார்கள். சாப்பிட்ட புரதத்தின் நைட்ரஜனில் சுமார் 80 சதவீதம் சிறுநீரில் வெளியேறும். 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்து நைட்ரஜனை அளந்தால், அவர் என்ன சொன்னாலும் சொல்லாவிட்டாலும், எவ்வளவு புரதம் சாப்பிட்டார் என்று நெருக்கமாகச் சொல்லிவிடலாம். கேம்பிரிட்ஜில் ஷீலா பிங்கம் என்ற ஆய்வாளர் இதில் இன்னொரு படி போனார். சிறுநீரை முழுமையாகப் பிடித்தார்களா என்று எப்படித் தெரியும்? பாபா என்ற பொருள் அடங்கிய மாத்திரையை அன்று மூன்று வேளை கொடுப்பார்கள். அது அப்படியே சிறுநீரில் வந்துவிடும். 85 சதவீதத்துக்குக் குறைவாகத் திரும்பி வந்தால், எங்கேயோ ஒரு தடவை பாட்டிலில் பிடிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். வயதானவர்களிடம் 24 மணி நேரச் சிறுநீர் கேட்டுப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை புரியும். ராத்திரி இருட்டில் பாட்டிலைத் தேடச் சொல்வது சின்ன விஷயமில்லை.

கலோரிக்கு வேறு வழி. சாதாரண ஹைட்ரஜன், ஆக்சிஜனுக்குப் பதில் கொஞ்சம் எடை கூடிய ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்த தண்ணீரை ஒருமுறை குடிக்கக் கொடுப்பார்கள். கதிர்வீச்சு எதுவும் கிடையாது. ஹைட்ரஜன் தண்ணீராக மட்டும் வெளியேறும். ஆக்சிஜன் தண்ணீராகவும் மூச்சில் கரியமில வாயுவாகவும் வெளியேறும். இரண்டும் குறையும் வேகத்தின் வித்தியாசத்தை இரண்டு வாரச் சிறுநீரில் பார்த்தால், உடல் எவ்வளவு ஆற்றலைச் செலவழித்தது என்று தெரிந்துவிடும். எடை மாறாமல் இருப்பவருக்குச் செலவும் வரவும் ஒன்றுதான். 1950களில் லிஃப்சன் என்ற விஞ்ஞானி எலிகளில் கண்ட வழி இது. மனிதருக்கு 1982இல்தான் வந்தது. விலைதான் தடை.

இந்த இரண்டு சாட்சிகளையும் வைத்து அமெரிக்காவில் மேரிலாண்டில் 1999–2000இல் 40 முதல் 69 வயது வரை உள்ள 484 பேரிடம் நடந்த ஆய்வுக்கு ஓபன் என்று பெயர். வினாத்தாளில் ஆண்கள் கலோரியை 31 முதல் 36 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள், பெண்கள் 34 முதல் 38. நேற்று என்ன சாப்பிட்டீர்கள் என்று வேளை வேளையாகக் கேட்கும் 24 மணி நேர முறையில் இந்தக் குறைவு ஆண்களுக்கு 12 முதல் 14, பெண்களுக்கு 16 முதல் 20 என்று இறங்கியது. மாதவிடாய் நின்ற 544 அமெரிக்கப் பெண்களிடம் பிறகு நடந்த ஆய்விலும் கதை மாறவில்லை. அங்கே தெளிவாகத் தெரிந்தது, உடல் பருமன் கூடக் கூடக் குறைத்துச் சொல்வதும் கூடுகிறது என்பது. எல்லோரும் ஒரே அளவில் குறைத்துச் சொன்னால் பெருக்கிச் சரிசெய்துவிடலாம். ஆளுக்கு ஆள் மாறுவதுதான் சிக்கல்.

இந்தப் பிழை எவ்வளவு ஆழமாக வெட்டுகிறது என்று ஒரு கணக்கு சொல்கிறேன். புரதம் ஒரு நோயின் ஆபத்தை உண்மையில் இரண்டு மடங்காக்குகிறது என்று வையுங்கள். ஓபன் ஆய்வில் கண்ட பிழை அளவோடு வினாத்தாளை நம்பிப் பார்த்தால், அந்த 2 என்பது 1.1 ஆகச் சுருங்கித் தெரியும். பெரிய தொடர்பு ஒன்றுமே இல்லை என்பது போல மறைந்துவிடும். மொத்தக் கலோரியில் புரதத்தின் பங்கு எவ்வளவு என்று பார்த்தால் நிலைமை கொஞ்சம் மேல். குறைத்துச் சொல்பவர் எல்லாவற்றையும் சேர்த்தே குறைப்பதால் பிழையில் ஒரு பகுதி கழிந்துவிடுகிறது. எனவே ஆயிரம் பேரில் யார் அதிகம் சாப்பிடுகிறார், யார் குறைவு என்று வரிசைப்படுத்த வினாத்தாள் ஓரளவு உதவும். ஒரு தனி மனிதரின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு “உங்களுக்கு 12 கிராம் குறைகிறது” என்று சொல்ல உதவாது. இதை நான் மிக உறுதியாகச் சொல்வேன். ஆனாலும் இன்றைக்கு எத்தனையோ மொபைல் செயலிகள் அதைத்தான் செய்கின்றன. வயதான பெற்றோருக்கு அதை நிரப்பி, வரும் சிவப்பு அம்புக்குறியைப் பார்த்துப் புரதப் பொடி டப்பா வாங்கி வருகிறார்கள் பிள்ளைகள்.

நம் ஊரில் இதைப் புரிந்துகொண்டு செய்தவர்களும் உண்டு. சென்னையில் நடந்த க்யூர்ஸ் நீரிழிவு ஆய்வுக்கு உருவாக்கிய வினாத்தாளில் 222 உணவுகள், வேளை வாரியாக அடுக்கியவை. பயிற்சி பெற்றவர் நேரில் கேட்டு நிரப்புவார். காலையில் எழுந்ததிலிருந்து தூங்கும் வரை நடந்து வரும்போது நினைவும் கூடவே நடந்து வரும். “எண்ணெய்ப் பலகாரம் மாதம் எத்தனை முறை?” என்றால் வராத பதில், “சாயங்காலம் காப்பியோடு என்ன?” என்றால் வந்துவிடும். ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2017இல் 528 உணவுகளின் சத்து அளவைப் புதிதாக அளந்து அட்டவணை வெளியிட்டது. அந்த நிறுவனம் 1918இல் குன்னூரில், ராபர்ட் மெக்கரிசனின் ஒற்றை அறை ஆய்வுக்கூடமாகத் தொடங்கியது என்பதை நினைத்தால் எனக்கு எப்போதும் சந்தோஷம். ஆனால் அட்டவணை எவ்வளவு நல்லதாக இருந்தாலும், கேட்காத உணவுக்கு அது பதில் தராது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வயதானவர்கள் விஷயத்தில் வாய்க்குள் போனதும் ரத்தத்தில் சேர்வதும் ஒன்றல்ல. வைட்டமின் பி12ஐ எடுத்துக்கொள்ளுங்கள். வயதாக ஆக இரைப்பைச் சுவர் மெலிந்து அமிலம் குறைந்தால், பாலிலும் முட்டையிலும் உள்ள பி12 உணவிலிருந்து சரியாகப் பிரியாது. சர்க்கரைக்குப் பல வருடம் மெட்ஃபார்மின் சாப்பிடுபவர்களுக்கு உறிஞ்சுவது மேலும் குறையலாம். ஈரலில் பல வருடத்துக்கான கையிருப்பு இருப்பதால் குறைபாடு மெதுவாகத்தான் வெளியே தெரியும். வினாத்தாளில் பாலும் தயிரும் நிறைவாக இருக்கும், கால் மரத்துப் போய்க்கொண்டிருக்கும். உப்பும் இப்படித்தான். ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று எவ்வளவு கேட்டாலும் குழம்பில் போட்ட உப்பு பிடிபடாது. அதற்கு 24 மணி நேரச் சிறுநீர்தான். வைட்டமின் டி பெரும்பாலும் வெயிலில் இருந்து வருவது, அதை உணவுத் தாளில் தேடுவதில் பொருளில்லை.

இப்போது நான் ஒரு சிறிய மருத்துவமனையில் உணவு ஆலோசகராக இருக்கிறேன். வினாத்தாளை விட்டுவிடவில்லை. அதை முதலில் எடுப்பதில்லை, அவ்வளவுதான். எடை மாறியிருக்கிறதா, ரவிக்கையோ வேட்டியோ தளர்ந்திருக்கிறதா, பல் எப்படி, விழுங்கும்போது புரையேறுகிறதா என்று கேட்டு, தசை கரைந்திருக்கிறதா என்று பார்க்கக் கெண்டைக்கால் சுற்றளவை நாடா வைத்து அளக்கிறேன். 31 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் தாள் என்ன சொன்னாலும் கவலைப்பட வேண்டும். பிறகு நேற்று எழுந்ததிலிருந்து. நேற்று விரதமா, அமாவாசையா என்று முதலில் கேட்டுக்கொள்வேன். ஒரு நாள் போதாது, ஒரு வாரம் விட்டு இன்னொரு நாளும் கேட்பேன். உணவின் பெயரை நான் சொல்லாமல் அவர்கள் வாயாலேயே வர விடுவேன். அரிசி எத்தனை ஆழாக்கு, எத்தனை பேர் சாப்பிட்டார்கள், மிச்சம் எவ்வளவு என்று அவர்கள் அளவிலேயே கேட்டு, வகுத்துக்கொள்வது என் வேலை.

போன மாதம் 76 வயதுத் தாத்தா ஒருவர் வந்தார், எடை குறைகிறது என்று. கூட வந்த ஆச்சிதான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். இட்லி நாலு, சட்னி இரண்டு கரண்டி, பதினொரு மணிக்கு மோர், மதியம் என்ன கறி, எண்ணெய் மாதம் எத்தனை பாக்கெட் என்று தங்குதடையில்லாமல் வந்தது. தாத்தாவுக்குத் தன் காப்பியில் எத்தனை கரண்டி சீனி என்றே தெரியவில்லை. இவ்வளவு துல்லியமான பதில்கள் எனக்கு அபூர்வமாகத்தான் கிடைக்கும். எழுதி முடித்து, தாத்தாவுக்குச் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

ஆச்சியின் கையில் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“நீங்க என்ன சாப்பிட்டீங்க நேத்து?”

“எனக்கென்னம்மா. இவுக சாப்பிட்டதுல இருக்கிறதத்தான்.”

“எவ்வளவு இருந்துச்சு?”

அவர் தாத்தாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நினைத்துப் பார்க்கிறார் என்று தெரிந்தது. நான் புதுத் தாள் ஒன்றை எடுத்து, மேலே அவர் பெயரை எழுதி, “காலைல எந்திரிச்சதுல இருந்து சொல்லுங்க” என்றேன். முதல் வரி: 5.15 மணி, கருப்பட்டிக் காப்பி, அரை டம்ளர்.